நூறு பவுண்டுப் பரிசும் டெவன் வரைபடமும்: இங்கிலாந்தின் கவுண்டி வரைபடங்களுக்கு யார் பணம் போட்டார்கள்?

1759இல் லண்டனில் இருந்த ஒரு சங்கம் பரிசு ஒன்றை அறிவித்தது. இங்கிலாந்தின் ஏதாவது ஒரு கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதியை) நேரில் போய் அளந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சரியான வரைபடம் போட்டுத் தருபவருக்கு அதிகபட்சம் 100 பவுண்டு. ஆறு வருடம் கழித்து, 1765 டிசம்பரில், முதல் பரிசு பெஞ்சமின் டான் என்ற கணக்கு வாத்தியாருக்குப் போனது. அவர் வரைந்தது நாட்டின் தென்மேற்கில் இருக்கும் டெவன் கவுண்டியை. பன்னிரண்டு தாள்கள். எல்லாவற்றையும் ஒட்டிச் சுவரில் மாட்டினால் ஆள் உயரத்துக்கு வரும்.

நூறு பவுண்டு அந்தக் காலத்தில் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் சுமார் 2,600 சதுர மைல் பரப்புள்ள கவுண்டியைச் சாலை சாலையாக நடந்து அளக்கவும், செப்புத் தகடுகளில் செதுக்கவும், அச்சடிக்கவும் ஆன செலவில் அது ஒரு துண்டு மட்டுமே. அப்படியிருந்தும், அந்த அறிவிப்புக்குப் பின் வந்த நாற்பது வருடங்களில் இங்கிலாந்தின் பெரும்பாலான கவுண்டிகளுக்கு ஓரங்குல அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ புது வரைபடம் வந்துவிட்டது. செலவுக்குக் கட்டாத ஒரு பரிசு இவ்வளவு வேலையை எப்படி வாங்கியது? அந்த வேலைக்கான செலவு கடைசியில் யார் தலையில் விழுந்தது? இந்த இரண்டு கேள்விகளோடு டான் வரைபடத்தை அணுகலாம்.

முன்கதை: ஒரே அளவை, நூற்றைம்பது வருடப் பிரதி

முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் யார்க்‌ஷயர்காரரான கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டையும் கவுண்டி வாரியாக வரைந்தார். முதல் தகடுகள் 1574இல் செதுக்கப்பட்டன. 1579இல் 34 கவுண்டி வரைபடங்களும் நாடு முழுமைக்குமான ஒரு வரைபடமும் தொகுப்பாக வந்தன. 52 கவுண்டிகள் 34 தாள்களுக்குள் அடங்க வேண்டியிருந்ததால் சில தாள்களில் பல கவுண்டிகள் சேர்ந்தே இருக்கும். கென்ட், சசெக்ஸ், சர்ரே, மிடில்செக்ஸ் நான்கும் ஒரே படம். தாளுக்குத் தகுந்தபடி அளவுத்திட்டமும் மாறிக்கொண்டே போனது.

பணம் போட்டவர் தாமஸ் செக்ஃபர்ட் என்ற அரசவை அதிகாரி. எல்லாப் படங்களிலும் அவருடைய குலச்சின்னம் இருக்கும். பின்னாலிருந்து நடத்தியவர் அரசியின் முதன்மை அமைச்சர் பர்லி பிரபு. அச்சான தாள்கள் ஒவ்வொன்றாக அவர் கைக்குப் போயின, அவர் அவற்றின் மேல் தன் கையாலேயே குறிப்பெழுதிக்கொண்டார். ஸ்பெயின் எந்தக் கரையில் படையை இறக்கும் என்ற கவலை இருந்த காலம் அது. சாக்ஸ்டனுக்கு இது வியாபாரமாக மட்டும் இருக்கவில்லை, அரசு வேலையாகவும் இருந்தது. 1576 ஜூலையில் வேல்ஸ் அதிகாரிகளுக்கு அரசவையிலிருந்து ஓர் உத்தரவு போனது: இவர் வந்தால் கோட்டையோ குன்றோ உயரமான இடமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள், ஊரை நன்கு தெரிந்த நாணயமான ஆட்கள் இரண்டு மூன்று பேரை உடன் அனுப்புங்கள், அடுத்த சந்தை ஊர் வரை வழிகாட்ட ஆங்கிலமும் வெல்ஷும் பேசத் தெரிந்த குதிரைக்காரர் ஒருவரைக் கொடுங்கள். அரசாங்கம் ஒரு வேலை நடக்க வேண்டும் என்று நினைத்தால் எப்படி நடக்கும் என்பதற்கு இந்த உத்தரவைவிட நல்ல சான்று கிடைக்காது.

அப்புறம் அரசு ஒதுங்கிக்கொண்டது. சாக்ஸ்டன் படங்களில் சாலைகளே கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க முயன்ற ஜான் நார்டன் மிடில்செக்ஸ் (1593), ஹார்ட்ஃபர்ட்ஷயர் (1598) இரண்டையும் சாலைகளோடு அச்சிட்டார். கட்டம் போட்டு ஊரைத் தேடும் வசதியும் செய்து கொடுத்தார். பணம் தருவார் யாருமில்லாமல் அவருடைய பெருந்திட்டம் பாதியில் நின்றது. ஜான் ஸ்பீடு வேறு வழி பிடித்தார். தையல் தொழிலிலிருந்து வந்த அவர், சாக்ஸ்டன், நார்டன் முதலியோரின் படங்களை எடுத்து, ஓரத்தில் நகர வரைபடங்களையும் பிரபுக்களின் சின்னங்களையும் சேர்த்து, ஆம்ஸ்டர்டாமில் யோடோகஸ் ஹோண்டியஸிடம் செதுக்கக் கொடுத்து, 1611-12 வாக்கில் அழகான தொகுப்பாக வெளியிட்டார். நகர வரைபடங்களில் பல அவரே காலடி எண்ணி அளந்தவை. கவுண்டி வரைபடங்களைப் பொறுத்தவரை, அடுத்தவர் பயிரில் அரிவாள் வைத்திருக்கிறேன் என்று அவரே எழுதி ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர்.

அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த நேர்மையைக்கூடக் காட்டவில்லை. ஸ்பீடின் வில்ட்‌ஷயர் படத்தில் 'குவேரே' என்று ஒரு ஊர் இருக்கும். அப்படி ஓர் ஊரே கிடையாது. ஒரு பெயர் சந்தேகமாக இருக்கவே 'விசாரிக்கவும்' என்ற பொருளில் லத்தீனில் கைப்படியில் எழுதியிருந்த குறிப்பு அது. செதுக்கியவர் அதை ஊர்ப்பெயர் என்று எடுத்துக்கொண்டார். பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு வரைபட வியாபாரியும் அந்த இல்லாத ஊரைத் தன் படத்தில் பத்திரமாகப் போட்டுவந்தார். யாரும் வில்ட்‌ஷயருக்குப் போய்ப் பார்க்கவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. கணக்கு அப்படி. நன்றாகச் செதுக்கிய செப்புத் தகடு பல தலைமுறைக்கு உழைக்கும். மாற்ற வேண்டிய இடத்தில் தகட்டின் பின்பக்கம் சுத்தியலால் தட்டி மேடாக்கி, முன்பக்கத்தைத் தேய்த்து மழுப்பி, புதிதாகச் செதுக்கினால் போதும். சாக்ஸ்டனின் தகடுகள் இப்படிக் கை மாறிக் கை மாறி, ஒருவர் சாலையைச் சேர்த்து, ஒருவர் ஆண்டை மாற்றி, சுமார் 1770 வரை அச்சேறின. தகடு கையில் இருக்கும்போது ஊர் ஊராக ஆள் அனுப்பி அளக்க எந்த வியாபாரிக்கு மனசு வரும்?

மைல் என்றால் எவ்வளவு என்பதிலேயே குழப்பம் இருந்தது. ராபர்ட் மார்டன் 1695இல் வெளியிட்ட கவுண்டி படங்களில் பெரிய மைல், நடு மைல், சின்ன மைல் என்று மூன்று அளவுகோல்கள் வரைந்திருப்பார். இத்தனைக்கும் இருபது வருடம் முன்பே, 1675இல், ஜான் ஓகில்பி 1,760 கெஜ மைலை வைத்துச் சக்கரம் உருட்டி நாட்டின் முக்கியச் சாலைகளை 100 தாள்களில் பட்டை பட்டையாக வரைந்திருந்தார். சாலைகள் சரியாகிவிட்டன. சாலைக்கு இரண்டு பக்கமும் இருந்த நாடு பழையபடியே கிடந்தது.

கார்ன்வாலிலிருந்து ஒரு கடிதம்

1755இல் கார்ன்வாலில் லட்ஜன் என்ற சிற்றூரின் பாதிரியார் வில்லியம் போர்லேஸ், லண்டனில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஹென்றி பேக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். போர்லேஸ் தன் கவுண்டியின் தொல்பொருள், கனிமம், வரலாறு எல்லாவற்றையும் தோண்டித் துருவியவர். நம் நாட்டு வரைபடங்கள் படுமோசம், அவற்றுக்கு அரசாங்கத்தின் ஊக்கம் எதுவும் கிடையாது என்பது அவருடைய குறை. நீங்கள் சித்திரத்துக்குக் கொடுக்கும் பரிசுகளோடு நேரில் அளந்து வரைந்த வரைபடத்துக்கும் ஒன்று கொடுத்தால் மக்கள் கவனம் இந்தப் பக்கம் திரும்பும், நாளடைவில் வெளிநாடுகளில் நடப்பதுபோல் அரசே ஆள் வைத்துத் தீவு முழுவதையும் அளக்க முன்வரலாம் என்பது அவருடைய யோசனை.

பேக்கரை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. முந்தைய வருடம்தான், 1754 மார்ச்சில், வில்லியம் ஷிப்லி என்ற ஓவிய ஆசிரியர் கோவென்ட் கார்டனில் ஒரு காப்பிக் கடையில் சிலரைக் கூட்டி, கலை, உற்பத்தி, வணிகத்தை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். இன்று ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் என்று அழைக்கப்படுவது அதுதான். பேக்கர் அதன் நிறுவன உறுப்பினர். கோபால்ட் கனிமத்தைக் கண்டெடுப்பவருக்கு, சாயச்செடி பயிரிடுபவருக்கு, நன்றாகப் படம் வரையும் சிறுவர் சிறுமியருக்கு என்று சகலத்துக்கும் பரிசு வைத்த சங்கம் அது. அந்த வரிசையில் வரைபடமும் சேர நான்கு வருடம் பிடித்தது.

போர்லேஸின் யோசனையில் நான் முக்கியமாகப் பார்ப்பது அதன் இரண்டாவது பாதியை. பரிசு நிரந்தர ஏற்பாடு என்று அவர் நினைக்கவே இல்லை. அரசாங்கத்தைக் கிளப்பிவிடுவதற்கான தூண்டில் புழு என்றே நினைத்தார்.

டெவனை அளந்தது எப்படி

டான் டெவனின் வடக்குக் கரையில் பிடஃபர்டில் 1729இல் பிறந்தவர். அங்கேயே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அறிவிப்பு வந்த 1759இலேயே வேலையில் இறங்கினார். தாள்கள் 1765 தொடக்கத்தில் வெளியாயின. செதுக்கிக் கொடுத்தவர் லண்டனின் பெயர்பெற்ற வரைபடப் பதிப்பாளர் தாமஸ் ஜெஃப்ரிஸ்.

அந்தக் காலத்துக் கவுண்டி சர்வேயரின் கையில் மூன்று கருவிகள் இருந்தன. ஒன்று, எட்மண்ட் கண்டரின் பெயரால் வழங்கும் 66 அடிச் சங்கிலி. நூறு கண்ணிகள் கொண்டது. பத்துச் சங்கிலி ஒரு ஃபர்லாங், எண்பது சங்கிலி ஒரு மைல். ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள சதுரம் 4,356 சதுர அடி. மனை வாங்கி விற்கும் நம்மவர்களுக்கு அது பத்து சென்ட் என்று பார்த்ததும் தெரியும். ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்ற விநோத எண் இந்தச் சங்கிலியிலிருந்துதான் நம் பத்திரங்களுக்கு வந்தது.

இரண்டாவது, உருட்டிக்கொண்டு போகும் அளவுச் சக்கரம். பெரும்பாலும் சுற்றளவு எட்டேகால் அடி இருக்கும். 640 முறை சுற்றினால் ஒரு மைல். கைப்பிடிக்குக் கீழே கடிகார முகம்போல ஒன்று இருக்கும், கெஜத்தையும் ஃபர்லாங்கையும் மைலையும் முட்கள் காட்டும். வேகமாக அளக்கலாம் என்பது இதன் பலம். ஆனால் டெவன் மாதிரியான ஊரில் இதை நம்பிவிட முடியாது. அங்கே சந்துபோல் குறுகிய பாதைகள் இரண்டு பக்கமும் உயர்ந்த மண்வரப்பும் வேலியும் சூழ, பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி வளைந்து வளைந்து போகும். சக்கரம் சரிவின் நீளத்தையும் வளைவின் நீளத்தையும் சேர்த்தே எண்ணும். வரைபடத்துக்கு வேண்டியதோ தட்டையாகப் பார்த்தால் வரும் நேர் தூரம். சக்கரக் கணக்கை மட்டும் வைத்து வரைந்தால் ஊர்கள் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் போய் நிற்கும். மேட்டுப் பகுதிகள் உப்பிக்கொண்டு வரும்.

அங்கேதான் மூன்றாவது கருவியான தியோடலைட் வருகிறது. ஒரு சமதளத்தில் அடிக்கோடு ஒன்றைக் கவனமாக அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்றையோ தேவாலயக் கோபுரத்தையோ பார்த்துக் கோணம் எடுத்தால், அந்த இடம் எங்கே இருக்கிறது என்று நடக்காமலே கணக்கில் வந்துவிடும். அங்கிருந்து அடுத்த கோபுரம், பிறகு அதற்கடுத்தது. இப்படிக் கவுண்டி முழுவதும் முக்கோணங்களால் ஒரு சட்டகம் கட்டிவிட்டு, சக்கரத்தால் அளந்த சாலைகளை அதற்குள் பொருத்துவார்கள். பொருந்தாத இடத்தில் கோணக் கணக்குக்குத்தான் மரியாதை. நேரில் அளந்தது என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் தகுதி இந்தச் சட்டகத்தால் வந்தது.

மைலுக்கு ஓர் அங்குலம் என்பது இன்றைய கணக்கில் 1:63,360. இந்த அளவில் ஒவ்வொரு கிராமத்துச் சாலைக்கும், ஆலைக்கும், தனித்து நிற்கும் பண்ணை வீட்டுக்கும் இடம் உண்டு. வேலி போட்ட சாலைக்கு முழுக்கோடு, திறந்த புல்வெளியைக் கடக்கும் சாலைக்குப் புள்ளிக்கோடு என்ற வழக்கமும் இந்த வகைப் படங்களில் நிலைத்தது. பொது மேய்ச்சல் நிலங்கள் பின்னால் வேலிக்குள் போன வரலாற்றை ஆராய்பவர்களுக்கு இன்று பெரிதும் கைகொடுப்பது இந்தப் புள்ளிக்கோடுகள்தான்.

பரிசு என்ன செய்தது

சங்கத்திடம் தியோடலைட் தூக்கிக்கொண்டு டெவனுக்குப் போய்ச் சரிபார்க்க ஆள் கிடையாது. உள்ளூர்ப் பிரமுகர்களிடமும் பாதிரியார்களிடமும் சான்று கேட்டது, தெரிந்த தூரங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. இதைக் கறாரான தணிக்கை என்று சொன்னால் மிகை. இருந்தும் பரிசு வேலை செய்தது. என் கணிப்பில், அது செய்தது இரண்டே காரியம்.

நல்ல கவுண்டி வரைபடம் என்றால் ஓரங்குல அளவு, நேரில் அளந்தது, கடற்கரை சரியாக இருப்பது என்று ஒரு வரையறையை எல்லோர் மனதிலும் அது பதியவைத்தது. அதற்கு முன்பும் இந்த அளவில் படங்கள் வந்ததுண்டு. ஜோயல் கேஸ்காய்ன் 1700 வாக்கிலேயே கார்ன்வாலை இந்த அளவில் வரைந்தார். ஹென்றி பெய்டன் 1720களில் வார்விக்‌ஷயரை முக்கோண அளவையால் வரைந்தார். ஆனால் அவை தனித்தனி மனிதர்களின் சாதனைகள். 1759க்குப் பின் அதுவே குறைந்தபட்சத் தகுதி ஆகிவிட்டது. பழைய தகட்டைத் தேய்த்துப் புதிது என்று விற்பது முன்போல எளிதாக இல்லை.

மற்றொன்று, சந்தா சேர்க்க உதவியது. இந்தப் படங்களின் உண்மையான முதலீடு சந்தாதாரர்களிடமிருந்து வந்தது. வேலை தொடங்குமுன் திட்டத்தை அச்சிட்டு, கவுண்டியின் நிலப்பிரபுக்கள், பாதிரியார்கள், வக்கீல்கள், வணிகர்களிடம் முன்பணம் வாங்குவார்கள். சங்கத்தின் பரிசுக்குப் போட்டியிடுகிறோம் என்று சொன்னால் கொடுப்பவருக்கு ஒரு நம்பிக்கை. பிரபுவின் மாளிகையைப் படத்தில் குறித்து உரிமையாளர் பெயரையும் பக்கத்திலேயே எழுதினால் அவருக்கும் ஒரு பெருமை. இருநூறு வருடம் முன்பு செக்ஃபர்டின் சின்னம் இருந்த இடத்தில் இப்போது நூற்றுக்கணக்கான சின்னச் செக்ஃபர்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இதில் லாபம் பார்த்தவர் யார்? பட்டியலைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. டானுக்குச் செதுக்கிக் கொடுத்த ஜெஃப்ரிஸ் தானும் கவுண்டி கவுண்டியாக அளக்க இறங்கினார். 1766இல் திவாலானார். அப்படியும் விடாமல் தொடர்ந்து, யார்க்‌ஷயரின் இருபது தாள்கள் வெளிவந்துகொண்டிருந்த 1771இல் இறந்தார். டெர்பிஷயரை வரைந்து 1767இல் அதே 100 பவுண்டைப் பெற்ற பீட்டர் பெரஸ் பர்டெட், ஓவியர் ஜோசப் ரைட்டின் நண்பர், பல கலை தெரிந்தவர். அவர் 1774இல் கடன்காரர்களுக்குப் பயந்து ஜெர்மனியில் பாடன் நாட்டு அரசரிடம் வேலைக்குப் போய்விட்டார். டான் தப்பித்தார் என்றே சொல்ல வேண்டும். பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்து, நூலகப் பொறுப்பும் கணக்குப் பள்ளியுமாகக் காலம் தள்ளினார், அந்த ஊரைச் சுற்றி 11 மைலுக்கு ஒரு வரைபடமும் போட்டார்.

ஆக, செலவின் பெரும்பங்கு சர்வேயர்கள், பதிப்பாளர்கள் தலையில்தான் விழுந்தது. பணக்கார, மக்கள் நெருக்கமுள்ள கவுண்டிகளுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் படங்கள் கிடைத்தன. எசெக்ஸுக்கு 1777இல் சாப்மேனும் ஆந்த்ரேயும் மைலுக்கு இரண்டு அங்குலத்திலேயே வரைந்தார்கள். ஏழைக் கவுண்டிகள் காத்துக் கிடந்தன. அக்கம்பக்கத்துக் கவுண்டிகளின் படங்களை ஒன்று சேர்த்தால் எல்லையில் சாலைகள் முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொருவரும் தனித்தனி அடிக்கோட்டிலிருந்து தொடங்கியவர்கள், நாடு முழுமைக்கும் பொதுவான சட்டகம் யாரிடமும் இல்லை. பரிசால் தீர்க்க முடியாத குறை இது.

சசெக்ஸ் வழியாகக் கோட்டைக்கு

போர்லேஸ் எதிர்பார்த்த திருப்பம் சசெக்ஸில் நடந்தது. அங்கே குட்வுட் எஸ்டேட்டின் ரிச்மண்ட் கோமகனிடம் தாமஸ் யீக்கல், வில்லியம் கார்டனர் என்று இரண்டு நில அளவையாளர்கள் வேலை பார்த்தார்கள். கவுண்டியை மைலுக்கு இரண்டு அங்குலத்தில் வரையத் துணிந்தார்கள். 1778 முதல் 1783 வரை தெற்குப் பாதிக்கு நான்கு தாள்கள் வெளியாயின. மிக நேர்த்தியான வேலை. வடக்குப் பாதி வரவே இல்லை, சந்தா போதவில்லை.

1782இல் அதே கோமகன் ராணுவத் தளவாட வாரியத்தின் தலைவரானார். வாரியத்தின் இருப்பிடம் லண்டன் கோபுரக் கோட்டை. தன் ஆட்கள் இருவரையும் அங்கிருந்த வரைவுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். இன்னொரு பக்கம், கிரீனிச், பாரிஸ் வானாய்வகங்களை முக்கோணங்களால் இணைக்கலாம் என்ற பிரெஞ்சுக்காரர்களின் யோசனைப்படி, ஜெனரல் வில்லியம் ராய் 1784இல் ஹவுன்ஸ்லோ ஹீத் சமவெளியில் கண்ணாடிக் குழாய்களை வைத்து ஐந்து மைலுக்குச் சற்று மேற்பட்ட அடிக்கோட்டை அளந்தார். கருவி செய்பவரான ஜெசி ராம்ஸ்டென் மூன்றடி வட்டம் கொண்ட தியோடலைட்டை 1787இல்தான் முடித்துக் கொடுத்தார். அவர் தாமதத்தைப் பற்றி ராய், ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு முன்னாலேயே புலம்பினார். 1790இல் ராய் இறந்தார். அடுத்த வருடம் ரிச்மண்ட் கோமகன் வேலையை வாரியத்தின் நிரந்தரப் பணியாக்கினார். பிரிட்டன் அரசின் வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே பிறந்தது இப்படித்தான். பரங்கிமலையில் 1802இல் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் பின்பற்றியதும் ராயின் வழியைத்தான்.

பொதுவான சட்டகம் இப்போது கிடைத்துவிட்டது. முதலில் பயன்படுத்திக்கொண்டது ஒரு தனியார் படம் என்பது வேடிக்கை. பாதியில் நின்ற சசெக்ஸை யீக்கல், கார்டனர் பெயர்களோடு தாமஸ் கிரீம் 1795இல் ஓரங்குல அளவில் முடித்தார். அது நின்றது ஆர்டினன்ஸின் முக்கோணங்கள் மேல். வெளியிட்டவர் வில்லியம் ஃபேடன், திவாலான ஜெஃப்ரிஸின் கடையை ஏற்று நடத்தியவர். பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சத்தில் வாரியமே அளந்த கென்ட் 1801 ஜனவரி 1 அன்று வந்தபோது அதையும் ஃபேடனே வெளியிட்டார். ஓரங்குல அளவு, நான்கு தாள், ஒரு கவுண்டி. வெளித்தோற்றத்தில் டான் வகைப் படம்தான். 1805இல் வந்த எசெக்ஸ்தான் நாடு முழுவதற்குமான பொது அளவையின் முதல் பகுதி என்று தன்னை அறிவித்துக்கொண்டது.

சங்கத்தின் பரிசுகள் அத்தோடு மங்கிப் போயின. தனியார் முயற்சி உடனே ஓயவில்லை. யார்க்‌ஷயர்காரரான கிறிஸ்டோபர் கிரீன்வுட் 1817இலிருந்து எல்லாக் கவுண்டிகளையும் ஓரங்குல அளவில் வரைந்துவிடுவது என்று கிளம்பி, சிலவற்றைத் தவிர மற்றதை முடித்தும் காட்டினார். 1830களில் அவரும் பணமில்லாமல் படுத்துவிட்டார்.

அரசு அளவையும் சந்தாதாரர்களை முற்றாக உதறிவிடவில்லை. 1818இல் லிங்கன்ஷயரின் நிலப்பிரபுக்கள், எங்கள் கவுண்டியை வரிசைக்குக் காத்திராமல் முதலில் அளந்து தாருங்கள், இத்தனை பிரதிகள் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்று கேட்டார்கள். அவர்களுக்கு வேட்டைக்கு நல்ல வரைபடம் வேண்டியிருந்தது. ஆர்டினன்ஸ் சர்வே ஒப்புக்கொண்டது. தெற்கிலிருந்து ஒழுங்காக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த அளவைக் குழுக்கள் வரிசையை விட்டுத் தாவி லிங்கன்ஷயருக்குள் இறங்கின. அந்தத் தாள்கள் 1820களின் நடுவில் வெளியாயின.